களியாட்டம் பாத்தாச்சு, இனி ஒத்தெல்லோ படிக்கணுமா?

ஜனவரி 21

காலேஜ்ல முதல் வருசத்துல இருக்கற ஒரு பொண்ணு நேத்து பஸ்ல கேட்டா, "அக்கா, களியாட்டம் படத்த ரெண்டு தடவ பாத்துட்டேன், கத பூரா தெரியும், இனி எதுக்கு ஒத்தெல்லோவப் படிக்கோணும்?"னு. பஸ் வேலந்தாவளம் வந்துருச்சு, நான் பதில் சொல்லாமயே எறங்கிட்டேன். ராத்திரி பூரா அதே நெனப்பு. எனக்கும் இந்த செமஸ்டர்ல அதே அசைன்மென்ட்தான், ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ நாடகத்தையும், அதத் தழுவி மலையாளத்துல எடுத்த களியாட்டம் படத்தையும் ஒப்பிட்டு பத்து பக்கம் எழுதோணும். அதனால தோணறத தோணறப்ப இங்க எழுதிவெக்கறேன்.

என் முதல் பதில்: படிக்கோணும் அம்மிணி. நாடகத்துல ஒத்தெல்லோ கறுப்பன், வேற கண்டத்துல இருந்து வந்தவன், வெனிஸ்காரங்களுக்கு அவன் படைத்தலைவன்தான், ஆனா ஊட்டுக்குள்ள சேத்துக்க மாட்டாங்க. 1997-ல ஜெயராஜ் எடுத்த படத்துல அந்த எடத்துல மூஞ்சில அம்மத்தழும்பு இருக்கற ஒரு தெய்யம் (சாமி வேசம் கட்டி ஆடறது) ஆட்டக்காரன் வர்றான், கண்ணன் பெருமலையன், சுரேஷ் கோபி நடிச்சது. தழும்புங்கறது வந்து போன நோவோட மிச்சம். தோல் நெறம் அப்படியா? ஒரு பெரிய விசயத்த எடுத்துட்டு சின்னத வெச்சமாதிரி இருக்குது எனக்கு. நடிப்பப் பத்திச் சொல்லல, சுரேஷ் கோபிக்கு அந்த வருச தேசிய விருதே கெடச்சுது, ஜெயராஜுக்கு சிறந்த இயக்குநர் விருதும். நான் சொல்றது கதையோட அஸ்திவாரத்தப் பத்தி.

ஜனவரி 21, ராத்திரி

மேல எழுதுனதுல ஒண்ண விட்டுட்டேன். தழும்பு மட்டும் இல்ல, ஜாதியும் இருக்குது. படத்துல அவனக் கட்டிக்கற தாமரை தம்புரான் ஊட்டு, அதாவது மேல்ஜாதிப் பெரிய ஊட்டுப் பொண்ணு, பெருமலையன் தெய்யம் கட்டற ஜாதி. பொண்ணு ராத்திரில ஊட்ட விட்டுப் போய்ட்டாங்கறதுலதான் நாடகமும் ஆரம்பிக்குது, படமும் ஆரம்பிக்குது. ஜாதி வந்துட்டா "சின்னது"னு சொல்ல முடியாது. நாளைக்கு யோசிச்சு எழுதறேன்.

ஜனவரி 24

படத்த மறுபடி பாத்தேன். பேர் தெரியாதவங்களுக்காக: டெஸ்டிமோனா (ஒத்தெல்லோ பொண்டாட்டி) எடத்துல தாமரை, மஞ்சு வாரியர். காசியோ (ஒத்தெல்லோவுக்குக் கீழ இருக்கற தளபதி, டெஸ்டிமோனாவ இவனோட சேத்துத்தான் சந்தேகப்படறான்) எடத்துல காந்தன், பிஜு மேனன். இயாகோ (பொய் சொல்லி அந்தச் சந்தேகத்த வெதைக்கறவன்) எடத்துல பனியன், லால் நடிச்ச முதல் படம். (பனியன்னதும் எங்க கிளாஸ்ல கோயமுத்தூர்ல இருந்து வர்ற புள்ளைங்க திருப்பூர் பனியன நெனச்சு சிரிச்சாங்க, பத்து நிமிசத்துல லால் அந்த சிரிப்ப நிறுத்திட்டாரு.)

எங்க ஊருல மலையாளம் எல்லாருக்கும் வரும், நாங்க சித்தூர் தாலுக்கா, ஊட்டுல தமிழ், ரேசன் கடைல மலையாளம். ஆனா படத்துல பேசறது வடக்கு மலபார் பேச்சு, கண்ணூர் பக்கம். முதல் தடவ பாக்கறப்ப பாதி எனக்குப் புரியல, கீழ ஓடற இங்கிலீஷ் எழுத்தப் பாத்துத்தான் புரிஞ்சுட்டேன். பாலக்காட்டுல பொறந்து வளந்த மலையாளிப் புள்ளைங்களும் அதையே சொன்னாங்க, அதக் கேட்டு எனக்கு ஒரு நிம்மதி.

இதுல ஒண்ணு கவனிச்சேன். படத்துல பெருமலையன், பனியன், காந்தன் எல்லாரும் ஒரே மண்ணு, ஒரே பேச்சு. நாடகத்துல ஒத்தெல்லோ மட்டும் வெளியாளு. சபைல நின்னு "என் பேச்சு முரடு, அமைதிக்கால வார்த்தை எனக்கு வராது"ங்கறான். சொல்லிட்டு அந்த நாடகத்துலயே அழகான பேச்சப் பேசறான், அது வேற விசயம். வேத்துமொழிக்காரன்ங்கற அந்தப் பயம் படத்துல இல்ல. படம் வேணும்னே விட்டுருக்குதா, முடியாம விட்டுருக்குதா?

ஜனவரி 27

கைக்குட்டை. ஒத்தெல்லோ டெஸ்டிமோனாவுக்குக் குடுத்தது, அது காசியோ கைக்குப் போனதத்தான் இயாகோ சாட்சியாக் காட்டறான். இதப் பத்தி பக்கம் பக்கமா எழுதலாம்.

நாடகத்துல அது ஸ்ட்ராபெர்ரி தச்ச சின்னத் துணி. ஒத்தெல்லோ டெஸ்டிமோனாகிட்ட சொல்ற கத: அவங்கம்மாவுக்கு ஒரு எகிப்துக்காரி குடுத்தது, மந்திரம் தெரிஞ்சவ, இது கைல இருக்கற வரைக்கும் புருசன் உன்கிட்டயே இருப்பான், தொலஞ்சா வெறுத்துருவான்னு சொல்லிக் குடுத்தாளாம். படத்துல அது பட்டுத்துணி ஆயிருச்சு. 2006-ல விஷால் பரத்வாஜ் எடுத்த ஓம்காராவுல இடுப்புல கட்டற நகை. எனக்குப் பட்டுதான் சரின்னு படுது. எங்க பக்கம் கல்யாணத்துல எடுத்த பட்ட பொட்டிக்கு அடியில வெச்சு சாகற வரைக்கும் காப்பாத்துவாங்க, அத இன்னொருத்தி உடுத்தறதப் பாத்தா எந்த ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒடம்பு பதறும். ஒரு கர்சீப்புக்காகக் கொலையான்னு கிளாஸ்ல எல்லாரும் கேக்கறாங்க, பட்டுக்காகன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

அந்தக் கேள்வி புதுசில்ல. இங்கிலாந்துலயே 1690-கள்ல தாமஸ் ரைமர்னு ஒருத்தர் இத "கைக்குட்டைச் சோகம்"னு கிண்டல் பண்ணி எழுதிட்டாரு.

ஜனவரி 28

நேத்து எழுதுனதத் திருத்தறேன். எகிப்துக்காரி கத மூணாம் அங்கத்துல. அஞ்சாம் அங்கத்துல, கொன்னு முடிச்சப்புறம், அதே ஒத்தெல்லோ "எங்கப்பா எங்கம்மாவுக்குக் குடுத்தது"ங்கறான். ரெண்டும் எப்படிப் பொருந்தும்? நான் மூணு தடவ திருப்பித் திருப்பிப் படிச்சேன். ஒண்ணு ஷேக்ஸ்பியர் மறந்திருக்கோணும், இல்ல ஒத்தெல்லோ பொண்டாட்டியப் பயமுறுத்த முதல்ல கதகட்டியிருக்கோணும். ரெண்டாவதுதான் நெசம்னா அவனும் பொய் சொல்றவன்தான். பொண்டாட்டி சத்தியமே சொன்னாலும் நம்பாதவன் தானே ஒரு பொய்யச் சொல்லியிருக்கான்.

அம்மிணி, இதுக்குத்தான் படிக்கோணும்ங்கறது. படத்துல துணி கண்ணுக்கு முன்னால ஒரே துணிதான். பேச்சுல மட்டும்தான் ஒரே துணிக்கு ரெண்டு பொறப்பு இருக்க முடியும்.

பிப்ரவரி 2

அப்புச்சிகிட்ட மாட்டிக்கிட்டேன்.

அப்புச்சி, எங்கம்மாவோட அப்பா, செக்போஸ்டுக்குப் பக்கத்துல டீக்கட வெச்சிருக்காரு, நாப்பது வருசத்துக்கு மேல. சாய்ங்காலம் நான் கடத்திண்ணைல ஒக்காந்து படிப்பேன், லாரி வராத நேரத்துல அவரு வந்து "என்ன கத?"ம்பாரு. ஒத்தெல்லோன்னு சொன்னதும் "அட, சாம்பசிவன் சொன்ன கத"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. பொறவு கேட்டா, அவரு எளவட்டமா இருந்தப்ப ஒரு கோயில் உற்சவத்துல வி. சாம்பசிவனோட கதாபிரசங்கம் (பாட்டும் பேச்சுமா ஒருத்தரே மேடைல கத சொல்றது) கேட்டிருக்காரு, ராத்திரி பூரா, மண்ணுல துண்ட விரிச்சு ஒக்காந்து. சாம்பசிவன் ஒத்தெல்லோவ கதாபிரசங்கமா கேரளம் பூராச் சொன்னவரு, டால்ஸ்டாய் கதையக்கூட அப்படி ஊரூராக் கொண்டுபோனவரு. ஆக, நான் இங்கிலீஷ்ல தட்டுத்தடுமாறிப் படிக்கற நாடகத்த, பள்ளிக்கூடத்துல அஞ்சாவது தாண்டாத எங்க அப்புச்சி எனக்கு அம்பது வருசம் முன்னாலயே மலையாளத்துல கேட்டு முடிச்சுட்டாரு.

"டெஸ்டிமோனா சாகறப்ப பொம்பளைங்க பூரா அழுதாங்க, ஆம்பளைங்க பூராத் தலைய குனிஞ்சுட்டாங்க"ன்னாரு. அப்புறம் இரத்தத் திலகத்துல (1963) சிவாஜி ஒத்தெல்லோவா வர்ற நாடகக் காட்சியையும் சொன்னாரு, சாவித்திரிதான் டெஸ்டிமோனா. அது பொள்ளாச்சில கொட்டாயில பாத்தாராம்.

"எது நல்லா இருந்துதுங் அப்புச்சி?"ன்னேன்.

"சாம்பசிவன்தான். அவரு ஒருத்தரே அத்தன பேரா இருந்தாரு. அந்தக் கெட்டவன் பேசறப்ப நம்மகிட்ட ரகசியம் சொல்றமாதிரியே இருக்கும், அக்கட்டால ஒக்காந்திருந்தவன் தலையாட்டறான், நானும் தலையாட்டிட்டேன்."

இத நான் எந்தப் புஸ்தகத்துலயும் இவ்வளவு நேராப் படிக்கல. நாடகத்துலயே அதிகமாப் பேசற ஆளு இயாகோதான், ஒத்தெல்லோ அவனுக்கு அடுத்துத்தான். அதுலயும் பாதி நம்மளப் பாத்துப் பேசறது. அவன் என்ன பண்ணப்போறான்னு மேடைல இருக்கற யாருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும், தெரிஞ்சும் சும்மா ஒக்காந்திருக்கோம். ஒரு கட்டத்துல அவன் சாமர்த்தியத்த ரசிக்கக்கூட ஆரம்பிச்சுடறோம். படத்துல பனியன நம்ம வெளிய இருந்து பாக்கறோம், கேமராகூட அவன ஒளிஞ்சு நின்னு பாக்கறமாதிரிதான் எனக்குப் பட்டுது. கதாபிரசங்கத்துக்கு இருந்தது படத்துக்கு இல்ல.

பிப்ரவரி 9

இத எழுதலாமா வேண்டாமான்னு ஒரு வாரமா யோசிச்சேன்.

மூணாம் அங்கம் மூணாம் காட்சி. இயாகோ சந்தேகத்த வெதச்சுட்டுப் போயிட்டான். ஒத்தெல்லோ தனியா நிக்கறான். அப்ப சொல்றான்: நான் கறுப்பா இருக்கறதாலயோ, மாளிகையில திரியற ஆளுங்களுக்கு வர்ற மெதுவான பேச்சுப்பழக்கம் எனக்கு இல்லாததாலயோ, வயசு எறங்கிட்டு வர்றதாலயோ, அவ போய்ட்டா.

இந்த எடத்துல நான் புஸ்தகத்த மூடி வெச்சுட்டேன்.

நான் படிச்சது எல்லாம் தமிழ் மீடியம். பிளஸ் ஒண்ணுக்கு வேற ஊரு, மலையாளம் மீடியப் புள்ளைங்க நெறைய. முதல் வாரத்துல கிளாஸ்ல எந்திரிச்சு ஒரு பதில் சொன்னேன், மலையாளத்துலதான் சொன்னேன், சரியான பதில். பின்னால இருந்து ஒருத்தன் "பாண்டி"ன்னான், தமிழங்கள மட்டமாச் சொல்ற வார்த்தை. டீச்சர் கேட்டுட்டுக் கேக்காதமாதிரி அடுத்த கேள்விக்குப் போய்ட்டாங்க. ழ எனக்கு நல்லா வரும், இலக்கணம் தப்பாகாது, ஆனா ராகம் வேற, அவ்வளவுதான். அதுக்கப்புறம் கிளாஸ்ல யாராவது மெதுவாப் பேசிச் சிரிச்சா என்னத்தான்னு தோணும். ரெண்டு வருசம். நெசமாவே என்னப் பத்தித்தான் பேசுனாங்களான்னா, பத்துல ஒம்பது தடவ இல்லைன்னு இப்பத் தெரியுது. கோயமுத்தூர் ஒறம்பரை ஊட்டுக்குப் போனா அங்க "மலையாளத்துப் புள்ள வந்திருக்குது"ம்பாங்க, பாசமாத்தான் சொல்லுவாங்க, இருந்தாலும் அந்த ஊட்டுலயும் பேசறதுக்கு முன்னால வாய்க்குள்ள ஒருதடவ சொல்லிப் பாத்துக்குவேன்.

ஒத்தெல்லோ ஏன் ஒரே மத்தியானத்துல நம்பிட்டான்னு எல்லாரும் கேக்கறாங்க. முட்டாளான்னு கேக்கறாங்க. எனக்கு அந்தக் கேள்வியே இல்ல. இயாகோ புதுசா ஒண்ணும் சொல்லல, ஒத்தெல்லோ மனசுக்குள்ள எப்பவோ தயாரா இருந்த வாக்கியத்துக்கு அவன் வாய் குடுத்தான். உன்ன இவங்க நெசமாவே விரும்புவாங்களா? இந்த ஒரு கேள்வி ஒருத்தன் உள்ள இருந்துச்சுன்னா, அதுக்குமேல தள்ளறதுக்கு ஒரு வெரல் போதும்.

பிப்ரவரி 10

நேத்து எழுதுனது அசைன்மென்டுல வராது. சொந்தக்கத எழுதக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. இங்க இருக்கட்டும்.

பிப்ரவரி 18

பறச்சினிக்கடவு போய்ட்டு வந்தோம், அப்புச்சியும் நானும். தெய்யத்த ஒருதடவகூட நேர்ல பாக்காம தெய்யப் படத்தப் பத்தி பத்து பக்கம் எழுதறது தப்புன்னு எனக்குப் பட்டுது. எங்க பாலக்காட்டுல தெய்யம் கெடையாது, எங்களுக்கு கண்யார்களி, பொறாட்டு நாடகம், பகவதி கோயில்ல கம்பராமாயணம் பாடற தோல்பாவைக்கூத்து. தெய்யம்னா கண்ணூர், காசர்கோடு. காவுகள்ல (சாமி இருக்கற தோப்பு) ஐப்பசில இருந்து வைகாசி வரைக்கும் நடக்கும், ஆனா வளபட்டணம் ஆத்தங்கரைல இருக்கற பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயில்ல தெனமும் உண்டு. ஒலவக்கோட்டுல ரயில் ஏறி ஷொர்ணூர், கோழிக்கோடு, கண்ணூர். ரயில்ல அப்புச்சி பூரா நேரமும் ஜன்னல்ல ஒக்காந்து தென்னைய எண்ணிட்டு வந்தாரு.

சாய்ங்காலம் வெள்ளாட்டம், முத்தப்பன் வேசம் கட்டி ஆடறது. நாய் சாதாரணமா உள்ள திரியுது, முத்தப்பனுக்கு நாய் புடிக்கும்னு யாரும் வெரட்டறதில்ல. சாமி ஆடி முடிச்சு ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுப் பேசுது. அப்புச்சி மொற வந்துச்சு. எங்கிருந்து வர்றீங்கன்னு கேட்டுது, சொன்னாரு. கைய விடாம எதோ மெதுவா சொல்லுச்சு, வடக்கத்திப் பேச்சு, எனக்கு முழுசாக் காதுல விழல, அப்புச்சி கண்ணுல தண்ணி. அம்மாயி போனப்பகூட நாலுபேருக்கு முன்னால அழாத மனுசன். என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன், "தூரத்துல இருந்து வந்தாலும் நீ என் ஆளுதான்"னு சொல்லுச்சுன்னாரு.

பொறவு பிரசாதம் வாங்கித் தின்னோம், அவிச்ச பயிறும் தேங்காப்பூளும் டீயும். டீ டம்ளரோட வெளிய வந்தப்ப, கொஞ்ச நேரத்துக்கு முன்னால சாமியா இருந்தவரு மூஞ்சி எழுத்தத் தொடச்சுட்டு துண்டோட போய்ட்டிருந்தாரு. காதோரத்துல கொஞ்சம் செவப்பு மிச்சம். அப்புச்சி அவரப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. அவரு கூச்சப்பட்டு, வேண்டாம்ங்கறமாதிரி தலைய ஆட்டிட்டு வேகமாப் போய்ட்டாரு.

எனக்கு அந்தத் தலையாட்டல்தான் மனசுல நிக்குது.

பிப்ரவரி 20

ஜனவரி 21-ல நான் எழுதுனது தப்பு. "பெரிய விசயத்த எடுத்துட்டு சின்னத வெச்சமாதிரி"ன்னு எழுதியிருந்தேன். அத அழிக்கல, அது அங்கயே இருக்கட்டும், ஆனா தப்பு.

ஒத்தெல்லோ எப்ப வரைக்கும் வெனிஸுக்கு வேண்டியவன்? சண்டைக்கு வர்ற துருக்கிக் கப்பல் பயம் இருக்கற வரைக்கும். ரெண்டாம் அங்கம் ஆரம்பத்துலயே புயல்ல துருக்கிக் கப்பல் செதறிப்போயிருது. சண்டையே இல்ல. அந்த நிமிசத்துல இருந்து அவன் தேவ கொறஞ்சுட்டே வருது, நாலாம் அங்கத்துல கடுதாசி வருது: நீ திரும்பி வா, உன் எடத்துல காசியோ. இத நான் முன்ன வெறும் சம்பவமாப் படிச்சேன்.

தெய்யக்காரனும் அப்படித்தான். முகத்தெழுத்து எழுதி, முடி (தெய்யத்தோட கிரீடம்) வெச்சு, கண்ணாடில தன் மூஞ்சியப் பாக்கறான், பாத்ததும் சாமி. தம்புரானும் அவன் முன்னால கும்பிட்டுத்தான் நிக்கோணும், கொற சொன்னா கேட்டுக்கோணும். முடிய எறக்குனா அவன் மறுபடி பழைய ஜாதி, பழைய குடிசை. ராத்திரி கால்ல விழுந்தவன் ஊட்டுப் பொண்ணக் காலைல கட்டிக்க முடியாது. படம் இதத்தான் புடிச்சிருக்குது. ஒத்தெல்லோவுக்கு ஒரு தடவ நடந்தது பெருமலையனுக்கு ஒவ்வொரு களியாட்டத்துலயும் (தெய்யத் திருவிழா) நடக்குது, ஏறி எறங்கி ஏறி எறங்கி. தாமரை காதலிச்சது சாமியவா, முடி எறக்கி வெச்ச மனுசனையான்னு அவனுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்கும்னு நான் நெனைக்கறேன். இது நாடகத்துல இல்லாத ஒரு வலி, கடன் வாங்குனது இல்ல.

அதுக்காக பிப்ரவரி 9-ல எழுதுனது தப்பாகல. வேத்துமொழிக்காரன் பயம் நாடகத்துலதான் இருக்குது, படத்துல இல்ல. அதுக்கு எதக் குடுத்தாலும் ஈடாகாது, எனக்கு மட்டுமாவது ஆகாது.

மார்ச் 1

பனியன் பத்தி.

இயாகோ ஏன் பண்றான்? தனக்கு வர வேண்டிய பதவி காசியோவுக்குப் போயிருச்சுங்கறான். ஒத்தெல்லோ தன் பொண்டாட்டிகூட இருந்ததா ஊர்ல பேச்சுங்கறான். கொஞ்சம் பொறுத்து காசியோ மேலயும் அதே சந்தேகம்ங்கறான். காரணம் சொல்லச்சொல்ல நம்பிக்கை கொறையுது. கெட்டது முதல்ல வந்துட்டு, காரணத்தப் பின்னால தேடிட்டு அலையுதுன்னு இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ் சொன்னதா கிளாஸ்ல படிச்சோம். படத்துல பனியனுக்கு ஒரே காரணம், தெளிவான காரணம். அவன் கோமாளி வேசம் கட்டறவன், பெருமலையன் கட்டற தீச்சாமுண்டி தெய்யத்து மேல அவனுக்கு ஆச. நான் இத முதல்ல கொறையாத்தான் எழுதிவெச்சிருந்தேன், காரணம் தெரிஞ்சுட்டா பயம் போயிருதுன்னு.

அப்புச்சி ஒத்துக்கல. "பொறாட்டுல ராசாவா வர ஆசப்பட்டு ஆயுசு பூரா கோமாளியாவே ஆடுனவன எனக்குத் தெரியும். சோத்துக்கில்லாததக்கூட தாங்கிருவான், அது தாங்காது"ன்னாரு. ஆட்டக்காரனுக்கு வேசம்னா என்னன்னு எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். ஒத்துக்கறேன்.

அப்புறம் கால். இத நானாத்தான் கண்டுபுடிச்சேன், எவ்வளவு சந்தோசம்னு சொல்ல முடியாது. நாடகத்துல உண்மை தெரிஞ்சதும் ஒத்தெல்லோ இயாகோவோட பாதத்தக் குனிஞ்சு பாக்கறான். பிசாசுக்கு குளம்பு இருக்கும்னு அவங்க நம்பிக்கை. குளம்பு இல்ல, மனுசக்கால்தான். கத்தில குத்தறான், இயாகோ சாகல, "ரத்தம் வருது, ஆனா சாகல"ன்னு சொல்லிட்டு, அதுக்குமேல ஒரு வார்த்தையும் பேசமாட்டேன்னு வாய மூடிக்கறான். நாடகம் பூராப் பேசுனவன் கடைசில ஊமை. படத்துல பெருமலையன் பனியனக் கொல்லறதில்ல, கல்லப் போட்டு ரெண்டு காலையும் ஒடச்சு விட்டுடறான். ஆட்டக்காரனுக்குக் கால் போறதும், பேச்சுக்காரனுக்குப் பேச்சுப் போறதும் ஒண்ணுதான்! அந்தப் பாதத்தப் பாக்கற ஒரே ஒரு வரில இருந்து இந்தக் காட்சி மொளச்சிருக்கும்னு நான் நம்பறேன். இந்த எடத்துல படம் எடுத்தவங்க நாடகத்த எவ்வளவு கிட்ட வெச்சுப் படிச்சிருக்காங்கன்னு தெரியுது. திரைக்கத பல்ராம் மட்டன்னூர். அவருக்கு என் வணக்கம்.

மார்ச் 3

ஒரு சின்ன விசயம், எதுக்கும் ஒதவாது. ஒத்தெல்லோ ஆடுனதா எழுத்துல இருக்கற முதல் தேதி 1604 நவம்பர் 1, லண்டன்ல ராசா அரண்மனைல. நவம்பர் 1 எங்க ஸ்கூல்ல கேரளப் பிறவி, 1956-ல மாநிலம் பிரிச்ச நாள். வெள்ளச்சேலை கசவுக்கரையோட வரச்சொல்லுவாங்க, அம்மா வருசாவருசம் எதுத்த ஊட்டுல கடன் வாங்கிக் கட்டிவிடுவாங்க. சித்தூர் அதுக்கு முன்ன கொச்சி ராஜ்யத்துல இருந்துச்சு. எல்லைக்கோடு எங்க அப்புச்சி கடைக்கு நாப்பதடி தள்ளிப் போகுது, கடைக்குத் தண்ணி வர்ற கெணறு அந்தப் பக்கம்.

மார்ச் 12

கொங்கன்படை பாத்துட்டு வந்து எழுதறேன், காது இன்னும் அடச்சுட்டிருக்குது, வெடி.

வெளியூர்க்காரங்களுக்கு: சித்தூர் பகவதி கோயில்ல மாசி மாசத்துல நடக்கற விழா. கொங்கு ராசா படையெடுத்து வந்தான், பகவதி வந்து அவனத் தோக்கடிச்சா, அந்த வெற்றிய வருசாவருசம் கொண்டாடறாங்க. நாங்க ஊட்டுல பேசறது கொங்குத் தமிழ். சின்ன வயசுல அப்புச்சி தோள்ல ஒக்காந்து பாக்கறப்ப கொங்கன் தோத்ததும் நானும் கைதட்டுவேன். பத்து வயசுல ஒரு பொண்ணு "தோத்தது உங்காளுங்கதான்"னு சொன்னா, அன்னைக்கு அழுதுட்டே ஊட்டுக்கு வந்தேன். அப்புச்சி அப்பச் சொன்னது, "கொங்கன் வேசம் கட்டறவனும் சித்தூர்க்காரன்தாஞ் சாமி. பகவதி எனக்கும் பகவதிதான்."

இன்னைக்கு கூட்டத்துல நிக்கறப்ப ஒத்தெல்லோவோட கடைசிப் பேச்சு ஞாபகம் வந்துச்சு. அது வரைக்கும் அது எனக்குப் புரியவே இல்ல. சாகப்போறவன் எதுக்கு சம்பந்தமில்லாம பழைய கத சொல்றான்? அலெப்போல ஒருக்கா, தலப்பாக்கட்டுத் துருக்கி ஒருத்தன் ஒரு வெனிஸ்காரன அடிச்சு, ராஜ்யத்தப் பழிச்சான், அவன் கழுத்தப் புடிச்சு, இப்படிக் குத்துனேன். "இப்படி"ங்கறப்ப தன்னையே குத்திக்கறான். வெனிஸுக்காகக் குத்தறவனும் அவனே, குத்துப்படற எதிரியும் அவனே. ஒரே ஒடம்புக்குள்ள ரெண்டு பக்கமும். பகவதிக்குக் கைதட்டுனதும் நான், தோத்துட்டோம்னு அழுததும் நான். யாரும் சாகல, சண்ட எல்லாம் வேசம்தான், ஒத்தெல்லோவுக்கு வேசமில்ல. ஆனா அந்த "இப்படி"ய இன்னைக்கு வெடிச்சத்தத்துக்கு நடுவுல நின்னுதான் புரிஞ்சுட்டேன்.

படத்துல கடைசி தீ. தீச்சாமுண்டின்னா கனல் மேட்டுல விழுந்து விழுந்து எந்திரிக்கற தெய்யம், குருத்தோலை உடுப்புதான் காப்பு. பெருமலையன் தன் எடத்த காந்தனுக்குக் குடுத்துட்டு தீக்குள்ள போய்டறான். எந்திரிக்க வேண்டியவன் எந்திரிக்கல. கண்ணுக்கு அதவிடப் பெருசா ஒரு முடிவு இருக்க முடியாது, நான் ரெண்டு தடவயும் அழுதேன். ஆனா பெருமலையன் தீக்குள்ள முழுசா ஒருத்தனாத்தான் போறான், சாமியும் மனுசனும் அங்க ஒண்ணாயிடறாங்க. ஒத்தெல்லோ கடைசி வரைக்கும் ரெண்டா இருந்து ரெண்டாவே சாகறான். எனக்கு எது பெருசுன்னு கேட்டா, இந்த வருசம் ஒத்தெல்லோ.

மார்ச் 15

அசைன்மென்ட் முடியற நேரத்துல அப்புச்சி ஒரு கேள்வியப் போட்டுட்டாரு. டெஸ்டிமோனா சாகறப்ப இயாகோ பொண்டாட்டி எமிலியா ஓடிவந்து யாரு பண்ணுனதுன்னு கேக்கறா. "யாருமில்ல, நானேதான். என் புருசன்கிட்ட சொல்லு"ன்னு சொல்லிட்டுச் செத்துப்போறா. அப்புச்சி கேக்கறாரு: "எதுக்குப் பொய் சொன்னா? சாகற வாய்ல பொய் வருமா?"

நான் படிச்சதெல்லாம் சொன்னேன். அவ அன்பு அவ்வளவு பெருசு, அந்தக் காலத்துப் பொம்பளை எப்படி வளந்தா, அது இதுன்னு. அப்புச்சி தலைய ஆட்டுனாரு, ஆனா திருப்தியில்ல. அம்மா அந்தப்பக்கம் கல்லக்கா ஒடச்சுட்டிருந்தாங்க, நிமிரவே இல்ல. "அவ சொன்னா, கறுப்பன் கொன்னுட்டான்னு ஊரு பேசும். எத்தன வருசமா அவன அப்படிச் சொல்லக் காத்துட்டு இருந்திருப்பாங்க? அது அவளுக்குத் தெரியாதா?"ன்னாங்க.

அப்புச்சி எந்திரிச்சுப் போய் அடுப்பு மேல பாலு வெச்சாரு. நான் எட்டாம் பக்கத்துல எழுதியிருந்த பத்தியக் கிழிச்சுட்டு அம்மா சொன்னத எழுதுனேன். சொந்தக்கத கூடாதுன்னு சொன்னாங்களே தவிர, அம்மா சொன்னது கூடாதுன்னு யாரும் சொல்லல.

அம்மிணி, புஸ்தகம் என்கிட்ட இருக்குது. வியாழக்கிழமை கொழிஞ்சாம்பாறை ஸ்டாண்டுல எட்டரை பஸ்ஸுக்கு நில்லு, தர்றேன். மூணாம் அங்கத்துல பென்சில் கோடு நெறைய இருக்கும், அழிச்சறாதே.